பழைய ரோசாவுக்கு எந்த எஞ்சின்: கன்டரா, எல்ஃபா, கோஸ்டரா?

எங்கள் மிட்சுபிஷி ரோசா இப்போது பஸ் அல்ல, கடை. சீற்றுகளைக் கழற்றி இரண்டு பக்கமும் தட்டு அடித்து, பிளாஸ்டிக் சாமான், பாய், சட்டி பானை, சின்னப் பிள்ளைகளின் உடுப்பு எல்லாம் ஏற்றிக்கொண்டு வடக்கே வன்னியில் மாங்குளம், ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்புப் பக்கத்து உள்வீதிகளில் திரிகிறது. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் ஓகஸ்டில் மடுத் திருவிழாவுக்கும் போய் நிற்கும். அதில் இருந்தது மிட்சுபிஷியின் 4டி31, 3.3 லீற்றர் எஞ்சின். ஒயில் குடிக்கத் தொடங்கியதும் பிரித்துப் பார்த்தோம். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கை முன்னமே கடைசி அளவுவரை கடைந்திருந்தார்கள். இனிச் செய்து பயனில்லை, மாற்றத்தான் வேண்டும் என்று ஆனது.

கையில் கிடைக்கக்கூடியதாக இருந்தவை மூன்று. மிட்சுபிஷியின் கன்டர் லொறியில் வரும் 4டி33, 4.2 லீற்றர். இசுசு எல்ஃப் லொறியில் வரும் 4எச்எஃப்1, 4.3 லீற்றர். டொயோட்டா கோஸ்டர் பஸ்ஸில் வரும் 1எச்செட், ஆறு சிலிண்டர், அதுவும் 4.2 லீற்றர். மூன்றும் ஜப்பானிலிருந்து இறக்கிய பாவித்த எஞ்சின்கள்தான். நான் போட்டது 4டி33. ஆகவே கீழே எழுதுவதில் அந்தப் பக்கம் ஒரு சாய்வு இருக்கும், தெரிந்துகொண்டே வாசியுங்கள்.

வலுவைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. ஜப்பான் கணக்கில் மூன்றும் 130 முதல் 140 குதிரைவலுவுக்குள். பழைய 4டி31 100 அளவில்தான் இருந்தது, அதுவே இங்கே போதும். ஓமந்தையிலிருந்து பரந்தன் வரை ஏ9 வீதியில் இரண்டாம் கியர் கேட்கிற ஏற்றம் எங்கே இருக்கிறது? மலைநாட்டில் பண்டாரவளைக்கு ஓடுகிறவர் இதை வேறு மாதிரி எழுதுவார். டர்போ வைத்த 4டி34ஐ நான் யோசிக்காததும் இதனால்தான். தேவையில்லாத வலுவுக்காகச் சித்திரை வெயிலில் மேலும் சூட்டைச் சேர்ப்பானேன்.

ஓட்டச் சுகத்தில் 1எச்செட்தான் முதல். ஆறு சிலிண்டர் என்பதால் அதிர்வே தெரியாது. பஸ்ஸை வீடாக மாற்றி உள்ளே படுத்துறங்கப் போகிறவர் என்றால் அதைத்தான் தேடச் சொல்வேன். ஆனால் லான்ட் குரூசர்காரரும் அதே எஞ்சினைத் தேடுவதால் விலை எப்போதும் ஒரு படி மேலே. ஆறு சிலிண்டர் நீளம் ரோசாவின் எஞ்சின் பெட்டிக்குள் அடங்காது, பெட்டியை வெட்டிப் பின்னுக்கு இழுக்க வேண்டும். வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டை 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். பாவித்த எஞ்சினில் அந்தக் கணக்கு எங்கே நிற்கிறது என்று யார் சொல்வது? அறுந்தால் வால்வுகள் தப்பாது.

இவ்வளவையும் சமாளிக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும் பம்ப் இருக்கிறது. வன்னியில் எஞ்சின் தெரிவு உண்மையில் டீசல் பம்ப் தெரிவுதான் என்பது என் எண்ணம்.

1எச்செட்டில் இருப்பது றோட்டறி பம்ப். ஒரே ஒரு பிளஞ்சர் (டீசலை அழுத்தித் தள்ளும் சின்னத் தண்டு) சுழன்று சுழன்று ஆறு சிலிண்டருக்கும் டீசலைப் பங்கிடும். உள்ளே ஓடும் எல்லாவற்றுக்கும் வழவழப்புத் தருவதும் அதே டீசல்தான். டீசலில் தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலந்திருந்தால் முதலில் தேய்வது அந்தப் பம்ப். 4டி33இலும் 4எச்எஃப்1இலும் இருப்பது வரிசைப் பம்ப். சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர். அடியில் பிளஞ்சர்களைத் தள்ளும் கம், ரப்பெட் எல்லாம் எஞ்சின் ஒயிலில் ஓடும், டீசலை நம்பி இருப்பது மேலே உள்ள பிளஞ்சர்கள் மட்டும். அதில் ஒன்று தேய்ந்தாலும் மற்ற மூன்றில் இருமி இருமியாவது வீடு வந்து சேரலாம். றோட்டறியில் அந்த ஒரு பிளஞ்சர் போனால் எல்லாம் போச்சு.

நல்ல டீசல் அடித்தால் போதாதா என்று கேட்கலாம். நெடுங்கேணிக்கு அங்கால் ஒரு கடையில் கான் கணக்கில் வாங்கி ஊற்றியவருக்கு விடை தெரியும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது வாகனங்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர்கள் இவை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை 87 ரூபாயிலிருந்து 340 ஆக ஏறும்வரை அது டீசலைவிட வெகு மலிவு. அந்த ஜூனில் டீசல் 460 ரூபாய். கலக்கிற ஆசை யாருக்குத்தான் வராது? இப்போது அந்த வித்தியாசம் பழையபடி இல்லை, ஆனாலும் கானில் வாங்கும் டீசலைக் கண்ணை மூடிக்கொண்டு நான் நம்புவதில்லை. மாரியில் தாங்கிக்குள் ஈரம் பிடிப்பது வேறு கதை.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. றோட்டறி பம்ப் வன்னிக்குப் புதிதில்லை, வயலில் உழுகிற மெசி 240 டிராக்டரிலும் றோட்டறிதான், அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள் என்பார்கள். உண்மைதான். ஆனால் டிராக்டர் பம்பும் கோஸ்டர் பம்பும் வேறு வேறு, ஒன்றைத் தெரிந்தவர் மற்றதைத் திறக்க மாட்டார். கிளிநொச்சியில் நான் நம்பும் கராஜ்காரர் நேராகவே சொன்னார்: "தம்பி, கோஸ்டர் எஞ்சின் நல்லதுதான். ஆனா பம்ப் பிழைச்சா என்னட்டைக் கொண்டு வராதை." கோஸ்டரை விட்டது அந்த இடத்தில்தான்.

4எம்50 மாதிரியான, கணினியால் டீசல் பீச்சும் கொமன்ரெயில் எஞ்சின்களும் மலிவாக வந்து கிடக்கின்றன. வயரிங், கணினிப் பெட்டி, ஸ்கேனர் எல்லாம் அதோடு வர வேண்டும். வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. எனக்கு வேண்டாம்.

மிஞ்சியது எல்ஃபும் கன்டரும். பம்பில் இரண்டும் சமம். இரண்டிலும் பெல்ட் இல்லை, டைமிங் கியர்தான். இரண்டும் நேரடியாக டீசல் பீச்சுபவை, எங்கள் காலநிலையில் காலையில் சூடாக்காமலே பிடித்துக்கொள்ளும். 4எச்எஃப்1ஐ நான் சொந்தமாக ஓட்டவில்லை. மச்சான் நெல் ஏற்றும் எல்ஃபில் அது இருக்கிறது. அவர் வாயிலிருந்து குறை ஒன்றும் கேட்டதில்லை, என்னுடையதைவிடச் சத்தமும் குறைவு. பஸ்ஸே இசுசு என்றால் இரண்டாம் யோசனை வேண்டாம். ரோசாவுக்கு அதைப் போடுவதென்றால் எஞ்சினைத் தாங்கும் மவுன்ற் புதிதாக வெல்டிங்கில் ஒட்ட வேண்டும், கியர்பொக்ஸும் கூடவே மாறும், புரொப்பெலர் சாஃப்டை வெட்டி நீளம் சரிபார்க்க வேண்டும். ஒட்டு வேலை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் உள்வீதிக் கிடங்குகளில் அந்த ஒட்டுத்தான் முதலில் விடும். பிறகு ஒரு நாள் கிளச் பிளேட் வாங்கப் போனால், எந்த வண்டிக்கு என்று கடைக்காரர் கேட்பார். பாதி ரோசா, பாதி எல்ஃப் என்று சொல்ல வேண்டி வரும்.

4டி33 அதே 4டி3 குடும்பம். என் வண்டியில் மவுன்ற்களும் பழைய கியர்பொக்ஸும் அப்படியே பொருந்தின. எல்லா வருட ரோசாவிலும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன், வாங்கும் முன் கியர்பொக்ஸ் சேரும் பிளைவீலையும் பெல் ஹவுசிங்கையும் அளந்து பாருங்கள். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் கன்டருக்குச் சாமான் இல்லாத கடை நான் பார்க்கவில்லை. கடைசிக்குக் கொழும்பில் பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகள் இருக்கின்றன, இரவு பஸ்ஸில் பெட்டி வந்துவிடும்.

குறையும் உண்டு. பெரிய நான்கு சிலிண்டர், நின்ற இடத்தில் ஓடும்போது தட்டில் உள்ள சட்டிகள் எல்லாம் கதைக்கும். பழைய றேடியேற்றர் இந்தச் சூட்டைத் தாங்கவில்லை, ஒரு வரி கூடிய கோர் போட்ட பிறகுதான் சோளகக் காற்றுக் காலத்தில் சூட்டு ஊசி நடுவில் நின்றது. கிணற்றுத் தண்ணீரை ஊற்றாமல் கூலன்ட் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் அந்தப் புதுக் கோரிலும் சுண்ணாம்பு படியும். டீசல் செலவு கூடினதா என்று கேட்டால், கொஞ்சம் கூடின மாதிரித்தான் இருக்கிறது. கடை வண்டி நிற்பதும் ஓடுவதுமாக இருப்பதால் கணக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

பெரிய டாட்டா பஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த அலசல் பெரிதாக உதவாது. பழைய 697 எஞ்சினை எடுத்துவிட்டு 5.9 லீற்றர் கமின்ஸ் போட்டவர்கள் திருப்தியாகத்தான் பேசுகிறார்கள். நான் கேட்டது அவ்வளவுதான்.

எஞ்சின் வாங்கும்போது பற்றறி கொடுத்து ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒயில் மூடியைக் கழற்றினால் புகை மெல்ல வரலாம், ஊதினால் வாங்காமல் விடுங்கள். இலக்கம் வெட்டிய இடத்தில் கிரைண்டர் பட்ட அடையாளம் இருந்தால் விலையே கேட்க வேண்டாம். சுங்கப் பத்திரத்தின் பிரதியும் பற்றுச்சீட்டும் கைக்கு வராமல் முழுக் காசையும் கொடுக்காதீர்கள். பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்ற அவைதான் வேண்டும். மாற்றாத புத்தகத்தோடு வண்டியை விற்கப் போனால் வாங்க வருபவர் பாதி விலைக்குத்தான் கேட்பார், வீதியில் மறித்துப் பிடித்தால் கேள்வி வேறு.

பழைய 4டி31ஐ இரும்புக்குக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. ஹெட்டும் பிஸ்டனும் அளவு வேறு, உதவாது. ஸ்டார்ட்டர் மோட்டரும் டைனமோவும் என் 4டி33இல் பூட்டுப்படுகின்றன. இரண்டும் 24 வோல்ட். ஸ்டார்ட்டருக்குப் புதுக் கரி (பிரஷ்) போட்டுச் சாக்கில் சுற்றி, கடைசித் தட்டுக்குக் கீழே வைத்திருக்கிறேன்.