எழுதும் மேசைக்கு ஏற்ற இசையா? ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ முழு இசைத்தொகுப்பு: ஒரு மதிப்புரை

ஹோவர்ட் ஷோர் இசையமைத்த ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படங்கள் மூன்றின் பின்னணி இசையையும் முழுமையாகக் கொண்ட ‘கம்ப்ளீட் ரெக்கார்டிங்ஸ்’ தொகுப்புகள், 2005 முதல் 2007 வரை ஆண்டுக்கு ஒன்றாக வெளிவந்தன. மூன்றும் சேர்ந்து 10 குறுந்தகடுகள். ஓடும் நேரம் ஏறத்தாழ 10 மணி. படங்கள் திரைக்கு வந்தபோது வெளியான ஒற்றைத் தட்டுகளில் தேர்ந்தெடுத்த பகுதிகளே இருந்தன. இவற்றிலோ, நீட்டிக்கப்பட்ட பதிப்புகளின் இசை காட்சி வரிசையிலேயே வருகிறது. முதல் படத்துக்கும் மூன்றாம் படத்துக்கும் சிறந்த இசைக்கான ஆஸ்கர் விருது கிடைத்திருப்பதால், இசை என்ற அளவில் இதன் தரத்தை நான் புதிதாக நிறுவ வேண்டியதில்லை. கிறிஸ்தவ நம்பிக்கையை உள்ளோட்டமாகக் கொண்ட காவிய மிகுபுனைவு (எபிக் ஃபேன்டஸி) எழுதுகிற ஒருவர், எழுதும் நேரத்தில் இதை ஓடவிடலாமா என்ற ஒரு கேள்வியை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

இந்த வகை இலக்கியத்தில் இசை வெறும் பின்னணிச் சமாசாரம் அன்று. இந்தப் படங்களின் மூல நாவலை எழுதிய டோல்கீன் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து 1977இல் வெளிவந்த ‘தி சில்மரில்லியன்’ நூலில், உலகம் ஒரு சேர்ந்திசையிலிருந்து பிறக்கிறது: படைப்பவர் ஒரு மெட்டைத் தருகிறார், வானுலகத்தார் அதை விரித்துப் பாடுகிறார்கள், மெல்கோர் என்பவன் தன் பெருமைக்காக இடையில் அபசுரத்தைப் புகுத்துகிறான். சி. எஸ். லூயிஸின் நார்னியா கதைகளில், 1955இல் வந்த நூலிலும் சிங்கம் பாடப்பாடத்தான் புல்லும் மரமும் விலங்கும் எழும்புகின்றன. உலகத்துக்கு அஸ்திபாரம் போடப்பட்டபோது விடியற்காலத்து நட்சத்திரங்கள் ஒன்றுகூடிப் பாடின என்று யோபுவின் புத்தகம் சொல்வதை இருவரும் நன்கு அறிந்தவர்கள். ஆகவே, இப்படிப்பட்ட கதை எழுத உட்காருகிறவர் எந்த இசையைக் கேட்கிறார் என்பது அவருடைய கதையின் உட்பொருளையே தொடும் கேள்வி.

அந்த இசையை எடைபோட ஓர் அளவுகோலையும் டோல்கீன் அங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மெல்கோரின் இசை உரத்தது, வெறுமையானது, சில சுரங்களையே திரும்பத் திரும்ப ஊதும் எக்காளங்களைப் போன்றது. அதற்கு எதிரே எழும் இசை மெதுவானது, ஆழமானது, துயரம் கலந்தது. அதன் அழகே பெரும்பாலும் அந்தத் துயரத்திலிருந்து வருவது. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, ‘எபிக் மியூசிக்’ என்ற பெயரில் மணிக்கணக்காக இணையத்தில் ஓடும் கோவைகளைக் கேட்டுப் பாருங்கள். முரசு, எக்காளம், பெருங்குரல், மறுபடியும் முரசு: எந்தப் போர் என்று தெரியாமலே வெற்றி முழங்குகிறது. இவற்றைக் கேட்டு எழுதிய அத்தியாயத்தில் வாள்கள் மோதும். ஆனால் யாரும் எதையும் இழந்திருக்க மாட்டார்கள். என் கணிப்பில், கிறிஸ்தவ மிகுபுனைவு எழுதத் தொடங்குகிறவர்கள் முதலில் கைவிட வேண்டியது இந்தக் கோவைகளைத்தான்.

ஷோரின் இசை அந்த அளவுகோலுக்குத் தாங்குகிறது; எப்படித் தாங்குகிறது என்பதை விளக்கியே ஆக வேண்டும். இசை ஆய்வாளர் டக் ஆடம்ஸ் இந்த மூன்று படங்களிலும் 80க்கும் மேற்பட்ட மெட்டுகளை இனங்கண்டு பெயரிட்டிருக்கிறார். ஒவ்வொரு நாட்டுக்கும் இனத்துக்கும் தனித்தனி மெட்டும் வாத்தியமும் உண்டு. ஹாபிட்டுகள் எனப்படும் சிற்றுருவ மாந்தரின் ஊருக்குச் சிறு குழலும் பிடிலும். அந்த மெட்டு படிப்படியாக ஏறி இறங்கும் விதத்தில் சபையார் பாடும் ஞானப்பாட்டின் நடை இருக்கிறது. ரோகன் நாட்டுக்கு ஹார்டாங்கர் பிடில். லோத்லோரியன் காட்டுக்குக் கீழைநாட்டுச் சுரவரிசையும் சாரங்கியும். ஐசன்கார்டு கோட்டையின் உலைக்களத்துக்கு உலோகத் தகடுகளின் மேல் விழும் ஐந்து தட்டுத் தாளம். நம் கணக்கில் கண்டம் என்று சொல்லலாம். கேட்கிறவர் கால் தட்ட முயன்றால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தட்டு மிஞ்சி இடறுகிறது, அந்த இடறல்தான் அங்கே வேண்டியதும். தன் கற்பனை உலகில் நான்கு நாடுகளை வரைந்துவிட்டு நான்கிலும் ஒரே மாதிரிப் பேசும் மனிதர்களை உலவவிடுகிற எழுத்தாளர்களுக்கு, இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

அதைவிட மேலாக நான் மதிப்பது, மெட்டுகள் கதையோடு சேர்ந்து வளர்வதையும் உடைவதையும்தான். மோதிரத்தை அழிக்கப் புறப்படும் தோழமைக் குழுவின் மெட்டு தொடக்கத்தில் துண்டு துண்டாகத்தான் தலைகாட்டுகிறது. ரிவென்டெல் என்ற எல்ஃப்களின் ஊரில் ஒன்பது பேரும் ஒன்றுசேரும்போதுதான் முழு வாத்தியக் குழுவும் அதை முழங்குகிறது. மோரியா சுரங்கத்தில் மந்திரவாதி கான்டால்ஃப் விழுந்தபின் மறுபடியும் சிதறிப்போகிறது. அந்த வீழ்ச்சியைத் தொடரும் பகுதியைத் தனியே கேட்டுப் பாருங்கள். ஆண்குரல்களும் முரசும் அடங்கியபின் ஓர் ஒற்றைக் குரல் எழுகிறது. பழிவாங்கும் சூளுரையோ அடுத்த போருக்கான அறைகூவலோ அங்கே இல்லை. இன்னொன்று, முதல் படத்தில் கோபுர உச்சியில் சிறைப்பட்டிருக்கும் கான்டால்ஃபிடம் ஓர் அந்துப்பூச்சி வரும் இடத்தில் ஒரு சிறுவனின் குரலில் மெலிதாக வந்து போகும் மெட்டு. இரண்டாம் படத்தில் என்ட்கள் எனப்படும் மர மாந்தர் ஐசன்கார்டை நோக்கி நடக்கும்போது அதே மெட்டு பெரும் சேர்ந்திசையாகத் திரும்பி வருகிறது. அற்பமான ஒன்றின் வழியாக வந்து, யாரும் கணக்கில் வைக்காத திசையிலிருந்து பெருகும் உதவி என்பதைத்தான் நம் மரபு கிருபை என்கிறது. அதை வசனமாக எழுதப் போனால் பிரசங்கமாகிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. இந்த இசை அதைப் பிரசங்கம் இல்லாமல் செய்திருக்கிறது.

எழுதும்போது கேட்பதற்கு இதில் இன்னொரு வசதி இருக்கிறது. சேர்ந்திசையின் பாடல் வரிகள் பெரும்பாலும் டோல்கீன் உருவாக்கிய எல்ஃப் மொழிகளிலும் குள்ளர் மொழியிலும் பழைய ஆங்கிலத்திலும் அமைந்தவை. மனிதக் குரலின் வெப்பம் கிடைக்கிறது, ஆனால் பொருள் புரியும் சொற்கள் எழுதுகிறவருடைய சொற்களின் குறுக்கே வருவதில்லை. பேச்சும் பாட்டும், சொற்களை மனத்தில் இருத்தி வைக்கும் வேலையைக் குரலற்ற இசையைவிட அதிகமாகக் குலைக்கின்றன என்று உளவியலாளர்கள் 1980களிலேயே காட்டியிருக்கிறார்கள். புரியும் மொழியில் பாடல்களை ஓடவிட்டு வாக்கியம் அமைக்க முயன்ற எவருக்கும் இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படங்களின் இறுதியில் வரும் என்யா, எமிலியானா டொரினி, ஆனி லெனாக்ஸ் ஆகியோரின் பாடல்கள், மூன்றாம் படத்தில் பிப்பின் என்ற ஹாபிட் பாடும் பாட்டு போன்ற ஆங்கிலப் பாடல்களை மட்டும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டால் போதும்.

குறைகளும் சிறியவை அல்ல. முதலாவது, படத்தைப் பார்த்தவருக்கு இந்த இசை தன் படங்களைக் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. உங்கள் மலைத்தொடர் சிறிது நேரத்தில் நியூஸிலாந்தின் மலைத்தொடராகிவிடும். உங்கள் முதிய தீர்க்கதரிசி சாம்பல் நிற அங்கியை எடுத்து மாட்டிக்கொள்வார். ஞானமுள்ள கிழவர், மறைந்து வாழும் அரசன், இருளின் அதிபதி என்று முன்னோடியைப் படியெடுக்கும் நோய் இந்த இலக்கிய வகையில் முன்னமே பரவிக் கிடக்கும்போது, அதே முன்னோடியின் இசையையும் காதில் மாட்டிக்கொள்வது நோயை விலைகொடுத்து வாங்குவதுதான். இதற்கு நான் கண்ட அரை மருந்து, பலமுறை கேட்டுப் பழகிய போர்ப் பகுதிகளை விட்டுவிட்டு, காட்சியோடு சேர்ந்து நினைவுக்கு வராத நடுப்பகுதிகளை எடுத்துக்கொள்வது. இரண்டாவது, இது காட்சிக்காக எழுதிய இசை. காதருகே முணுமுணுத்துக்கொண்டிருக்கும் நரம்பு வாத்தியங்கள் அடுத்த நொடியில் பித்தளைக் குழல்களின் இடியாக மாறும். தாழ்ந்த பகுதி கேட்கவேண்டும் என்று ஒலியைக் கூட்டி வைத்தவர் வாக்கியத்தின் நடுவில் துள்ளி விழுவார்.

மூன்றாவது குறை இசையினுடையது என்பதைவிடக் கேட்கிறவருடையது. ஆனால் அதுவே எல்லாவற்றிலும் பெரியது. இவ்வளவு உணர்ச்சி ததும்பும் இசை ஓடிக்கொண்டிருக்கும்போது, எழுதியவர் தன் பக்கத்தைப் படித்துக் கண்கலங்குவார். அந்தக் கண்ணீரைத் தந்தது பக்கமா, வயலினா என்று அவருக்குத் தெரியாது. வாசகர் கையில் போய்ச் சேருவது பக்கம் மட்டும்தான். கிறிஸ்தவ மிகுபுனைவில் இது இரட்டிப்பு ஆபத்து. பேரழிவின் விளிம்பில், கதைமாந்தர் எவருடைய சாமர்த்தியத்தாலும் அன்றி, எதிர்பாராமல் வாய்க்கும் நல்ல திருப்பமே உயர்ந்த தேவதைக் கதையின் அடையாளம் என்று டோல்கீன் 1947இல் வெளியான கட்டுரையில் வாதிட்டார். உயிர்த்தெழுதலையே அத்தகைய திருப்பமாகக் கண்டார். அந்தத் திருப்பத்துக்கு முன்னால் நம்பிக்கையின் எல்லா வாசல்களும் உண்மையிலேயே அடைபட்டிருக்க வேண்டும். எக்காளம் முன்கூட்டியே காதில் முழங்கிவிட்டால், அடைக்காத வாசலை அடைத்ததாக எண்ணிக்கொண்டு எழுத்தாளர் மேலே போய்விடுவார். எனவே காட்சியைத் திட்டமிடும்போதும், முதல் வரைவை ஓட்டத்தோடு எழுதும்போதும் இதைக் கேட்கலாம். திருத்தி எழுதும் நேரத்தில் கண்டிப்பாக நிறுத்திவிட வேண்டும். எலிசா தீர்க்கதரிசி வாய் திறப்பதற்கு முன்னால்தான் சுரமண்டல வாத்தியக்காரனை வரவழைக்கச் சொன்னார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஜெபம், மரணப்படுக்கை, பாவ அறிக்கை போன்ற ஒடுங்கிய அத்தியாயங்களுக்கு இத்தொகுப்பு பொருந்தவில்லை. அவற்றுக்கு எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பார்ட் 1970களின் பிற்பாதியிலிருந்து எழுதிய, சில சுரங்களும் நீண்ட இடைவெளிகளுமாக நகரும் சிறு படைப்புகள் எவ்வளவோ மேல். பரலோகக் கூட்டம் வரும் காட்சி என்றால் தாமஸ் டாலிஸ் 16ஆம் நூற்றாண்டில் 40 தனிக் குரல்களுக்கு அமைத்த லத்தீன் பாடலுக்கு இணையாக எதையும் நான் கேட்டதில்லை. கிரகோரியன் பாட்டு எல்லாவற்றுக்கும் பொதுவாக உதவும், ஆனால் தூக்கம் வரும்.

மூன்றையும் வாங்கத் தேவையில்லை. உலகத்தைக் கட்டிக்கொண்டிருப்பவர் முதல் படத்தின் தொகுப்பை எடுத்துக்கொள்ளலாம். நாடுகளும் இனங்களும் அறிமுகமாவது பெரும்பாலும் அதில்தான், ஓசை ஏற்ற இறக்கமும் மூன்றாவதைவிடக் குறைவு. இரண்டாம் படத்தின் தொகுப்பு ரோகன் பகுதிகளுக்காகவும் என்ட்களின் நடைக்காகவும் அடுத்தபடி வரும். மூன்றாம் படத்தின் தொகுப்பை, தம் கதையின் இறுதிப்போரை ஏற்கெனவே எழுதி முடித்தவர்களுக்கு மட்டுமே பரிந்துரைக்கிறேன். ஒலியோடைச் செயலிகளில் கேட்பதைவிடப் பெட்டியாக வாங்குவதே நல்லது, ஏனெனில் எந்த மெட்டு எங்கே பிறந்து எங்கே திரும்புகிறது என்று டக் ஆடம்ஸ் எழுதிய குறிப்புகள் பெட்டியோடு வருகின்றன. எழுத்தாளருக்கு இசையில் பாதிப் பயன் அந்தக் குறிப்புகளில்தான் இருக்கிறது.