புதுச்சேரியில் நான் பெற்ற சக ஆதரவாளர் பயிற்சி: ஒரு மதிப்பீடு

மனநிலை அளவுகடந்த உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறிமாறிச் செல்லும் இருமுனைக் கோளாறுக்கு 11 ஆண்டுகளாக லித்தியம் என்ற மருந்தை உட்கொண்டு வருபவன் நான். அந்த அனுபவத்தைக் கொண்டு பிறருக்குத் துணை நிற்பதையே தொழிலாகக் கொள்ள முடியுமா என்று அறிவதற்காக, 6 வாரங்கள் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் சென்று, மனநலச் சக ஆதரவாளர்களுக்கான, அதாவது தாமும் மனநோயை அனுபவித்து, அதே நிலையில் உள்ளவர்களுக்குத் துணை நிற்பவர்களுக்கான ஒரு பயிற்சியை முடித்தேன். நடத்தியது ஒரு தனியார் தொண்டு நிறுவனம். குறைகளையும் எழுதுவதால் பெயரைத் தவிர்க்கிறேன். கட்டணம் 8,000 ரூபாய். வாரத்திற்கு 3 நாள் வகுப்பு. எங்கள் அணியில் 14 பேர் இருந்தோம்.

இப்பயிற்சியில் மிகச் சிறந்தது, சொந்தக் கதையை எப்போது சொல்ல வேண்டும், எப்போது அடக்கிக்கொள்ள வேண்டும் என்பதைக் கற்றுத்தந்த விதம். மூன்று இரவுகளாகத் தூக்கமில்லை என்று சொல்லும் பெண்ணாக என் வகுப்புத் தோழி ஒருவர் நடிக்க, நான் ஆதரவாளராக அமர்ந்தேன். இரண்டே நிமிடத்தில் நான் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கதையை விரிவாகச் சொல்லத் தொடங்கிவிட்டேன். தாமும் மனச்சிதைவிலிருந்து மீண்டவரான பயிற்சியாளர் குறுக்கிடாமல் இருந்து, முடிந்தபின், "அவங்க எவ்வளவு நேரம் பேசினாங்க?" என்று மட்டும் கேட்டார். அதன்பின், என் அனுபவத்தை இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டுப் பேச்சை எதிரிலிருப்பவரிடமே திருப்பிக் கொடுக்கும் பயிற்சியை ஏறத்தாழ இரண்டு வாரங்கள் செய்தோம். எந்தப் புத்தகத்திலிருந்தும் இதை நான் கற்றிருக்க முடியாது.

மருந்தைப் பற்றிய வகுப்பும் அதே தரத்தில் இருந்தது. "மாத்திரைய நிறுத்திட்டேன் அண்ணா, வீட்ல சொல்லிடாதீங்க" என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வது? லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் விரைவில் திரும்பக்கூடும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் மருத்துவரைப்போல் அறிவுரை கூறுவதோ மிரட்டுவதோ ஆதரவாளரின் வேலை அன்று. ஏன் நிறுத்தினார் என்று கேட்டு, கைநடுக்கமா, தாகமா, உடல் எடையா என்று அறிந்து, அதை மருத்துவரிடம் சொல்ல அவருக்குத் துணையாகச் செல்ல வேண்டும். சொன்னதை இரகசியமாக வைத்திருப்போம். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் பிறரிடம் தெரிவிப்போம் என்பதை முதல் சந்திப்பிலேயே கூறிவிட வேண்டும். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது என்பதையும், அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் உதவி எண் 14416-ஐயும் பலமுறை வலியுறுத்தினார்கள்.

மனநோய் தீர வேண்டிக் குணசீலம் கோயிலில் 48 நாள் தங்கி வழிபட்டு வந்த குடும்பங்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது, பயிற்சியாளர் அந்த நம்பிக்கையைச் சிறிதும் இழிவுபடுத்தவில்லை. வழிபாட்டோடு மருந்தும் தொடர்கிறதா என்று மட்டும் கேட்கச் சொன்னார். நம் ஊரில் இந்த வேலைக்கு வருபவர்களுக்கு இந்தப் பக்குவம் கட்டாயம் தேவை.

வரலாற்று வகுப்பு ஒரு மணி நேரத்தில் முடிந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸின் பிசேத்ர் மருத்துவமனையில், தாமும் அங்கே நோயாளியாக இருந்து, பின்னர் மனநோயாளிகள் பிரிவைக் கவனித்துவந்த பியூசன், குணமானவர்களையே பணியாளர்களாக அமர்த்திக்கொண்ட செய்தியை அங்குதான் அறிந்தேன்.

இனி குறைகள். பாடநூல் ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் மாற்றப்பட்டிருந்ததால், "மனசே சரியில்லை" என்று பேசும் மக்களிடம் அதிலுள்ள சொற்கள் பயன்படவில்லை. களப்பயிற்சி வெறும் 4 நாள்தான். அதிலும் இரண்டு நாள் பதிவேடு எழுதுவதில் கழிந்தது. பயிற்சி முடிந்தபின் மாதம் ஒருமுறையேனும் நம் பணியைக் கேட்டறிந்து வழிகாட்ட யாரும் இல்லை. பிறருடைய துயரத்தைக் கேட்டுக் கேட்டு நமக்கே நோய் திரும்பும் அபாயம் உள்ள இத்தொழிலில், இதையே மிகப் பெரிய குறையாகக் கருதுகிறேன்.

வேலைவாய்ப்பு பற்றிச் சேர்க்கையின்போது சொல்லப்பட்டதற்கும் உண்மைக்கும் இடைவெளி இருந்தது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநலத் துறை சார்ந்த மருத்துவர், உளவியலாளர், செவிலியர், சமூகப் பணியாளர் ஆகியோரை மனநல வல்லுநர்களாகக் கருதுகிறது. சக ஆதரவாளர் அந்த வரையறைக்குள் வரவில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1999-லேயே இப்பணிக்கு அரசுக் காப்பீட்டின் வழியே ஊதியம் கிடைக்க வழி பிறந்துவிட்டது. நமக்கோ இப்போதைக்குத் தொண்டு நிறுவனங்களும் மறுவாழ்வு இல்லங்களும்தான் வாசல். எங்கள் அணியில் மூவருக்கு மட்டுமே ஊதியத்துடன் பணி அமைந்தது. நான் வாரத்தில் இரண்டு நாள் மதிப்பூதியத்திற்குச் செல்கிறேன்.

நோய் ஓரளவு நிலைபெற்று, வேறு வருமானமும் உள்ளவர்கள் தாராளமாகச் சேரலாம். வகுப்பறைப் பயிற்சிக்கு மட்டுமே அந்தத் தொகை தகும். உடனடி வேலையை நம்பிக் கடன் வாங்கிச் சேர வேண்டாம். பணம் கட்டும் முன், களப்பயிற்சி எத்தனை நாள், எந்த இடத்தில், அதன்பின் வழிகாட்டுபவர் யார் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.