இ.எம்.3-இல் படித்தவன் எழுதும் விமர்சனம்: சிங்கப்பூர்க் கல்வி

என்னோடு வேலை பார்க்கும் திருச்சிக்காரத் தம்பி ஒருவர் குடும்பத்தை இங்கே அழைத்து வரப்போகிறார். “அண்ணே, இந்த ஊர்ப் படிப்பு எப்படி? நம்பிச் சேர்க்கலாமா?” என்று காப்பிக்கடையில் கேட்டார். ஒரு தே ஓ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடக்கூடிய விஷயமா அது? சாப்பாட்டுக் கடைக்கும் கைப்பேசிக்கும் ஊரே விமர்சனம் எழுதுகிறது, இதற்கும் ஒன்று இருக்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் என் தகுதி. இந்தச் சேவையை நான் இரண்டு தடவை பயன்படுத்தியவன். 1992-இல் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்தேன். அந்தக் காலத்தில் தொடக்கநிலை நான்கு முடிந்ததுமே பிள்ளைகளை இ.எம்.1, இ.எம்.2, இ.எம்.3 என்று மூன்றாகப் பிரித்துவிடுவார்கள். எனக்கு விழுந்தது, படிப்பில் பின்தங்கியவர்களுக்கான மூன்று. வயது பத்து. அப்புறம் உயர்நிலைப் பள்ளியில் வழக்கநிலைத் தொழில்நுட்பப் பிரிவு, அங்கேயும் கடைசிப் படிதான். அங்கிருந்து தொழில்நுட்பக் கல்விக் கழகம், அதாவது ஐ.டி.இ. இன்றைக்கு மின்தூக்கிப் பராமரிப்பில் ஒரு குழுவை மேற்பார்வை பார்க்கிறேன். இப்போது மகன் உயர்நிலையில், மகள் தொடக்கநிலையில்.

பாலர் பள்ளியிலிருந்து வருவோம். ஐந்து வயதில் கே1, ஆறு வயதில் கே2. கட்டாயம் கிடையாது, ஆனால் அனுப்பாதவர்கள் அரிது. மக்கள் செயல் கட்சியின் சமூக அறநிறுவனம் நடத்துபவை, என்டியுசி என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பு நடத்துபவை, தனியார் நடத்துபவை என்று பல உண்டு. 2014 முதல் கல்வி அமைச்சே சொந்தமாகப் பாலர் பள்ளிகளை நடத்தி வருகிறது. தமிழ்க் குடும்பங்கள் கட்டணத்தைக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தமிழ் ஆசிரியர் இருக்கிறாரா? என் மகளை முதலில் சேர்த்த இடத்தில் “இருக்கிறார்” என்றார்கள். இருந்தார், சில மாதம். அவர் போன பிறகு வேறு யாரும் வரவில்லை. சீன வகுப்பு நடக்கும் நேரத்தில் தமிழ்ப் பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்து படத்துக்கு வண்ணம் தீட்டினார்கள். பாட்டு காதில் விழுமல்லவா, சீனப் புத்தாண்டுப் பாட்டெல்லாம் மகளுக்குத் தலைகீழ்ப் பாடம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் கே1-க்கு அமைச்சின் பாலர் பள்ளிக்கு மாற்றிவிட்டோம். அங்கே தமிழுக்கென்று தனி நேரம், தனி ஆசிரியர். வீட்டுக்கு வந்து என்னையே கதை சொல்லச் சொல்லித் திருத்த ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்தது தொடக்கப்பள்ளி, ஆறு ஆண்டு. 2003 முதல் இது சட்டப்படி கட்டாயம். குடிமக்களுக்குப் பள்ளிக் கட்டணம் இல்லை, மாதம் சில வெள்ளி (அதாவது சிங்கப்பூர் டாலர்) இதரக் கட்டணம் மட்டும். வெளிநாட்டவர் என்றால் மாதம் பல நூறு வெள்ளி. அதைவிடப் பெரிய விஷயம், பதிவில் அவர்கள் முறை கடைசியாகத்தான் வரும், இடம் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. குடிமக்களுக்கே இந்தப் பதிவு ஒரு திருவிழா. அண்ணனோ அக்காவோ அங்கே படித்தால் முதல் கட்டம். பெற்றோர் பழைய மாணவர் என்றால் அடுத்தது. பிறகு, பள்ளியில் குறைந்தது 40 மணி நேரம் தொண்டூழியம் செய்த பெற்றோர். கடைசியில் மிச்சமிருக்கும் இடங்களுக்கு, ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருக்கிறவர்களுக்கு முன்னுரிமை. அப்போதும் கூட்டம் அதிகமானால் குலுக்கல். பேர்பெற்ற பள்ளிக்குப் பக்கத்தில் வீடு மாறிப் போனவர்களை எனக்குத் தெரியும். நாங்கள் பக்கத்து வட்டாரப் பள்ளியில் போட்டோம். மகள் சாலையைக் கடந்தால் பள்ளி. காலை ஏழரைக்கு மணி அடிக்கும் ஊரில் இதன் அருமை பெற்றவர்களுக்குத்தான் தெரியும்.

முதல் இரண்டு ஆண்டு இப்போது தேர்வே இல்லை. அரையாண்டுத் தேர்வையும் எல்லா வகுப்பிலும் எடுத்துவிட்டார்கள். நல்ல மாற்றம் என்று பாராட்டலாம் என்றால், அந்த இடைவெளியில் துணைப்பாட (டியூஷன்) நிலையங்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. 2023 குடும்பச் செலவினக் கணக்கெடுப்பின்படி இந்த ஊர் மக்கள் துணைப்பாடத்துக்குக் கொடுத்தது ஆண்டுக்கு 180 கோடி வெள்ளி. பள்ளியில் கட்டணம் இல்லை என்று சொல்லும்போது இந்தத் தொகையையும் பக்கத்தில் எழுதி வைத்துப் பார்க்க வேண்டும். என் வீட்டிலிருந்தும் அதில் கொஞ்சம் போயிருக்கிறது.

இத்தனை பதற்றமும் எதற்கு? பன்னிரண்டு வயதில் வரும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்காக, பி.எஸ்.எல்.இ. என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி என்று நான்கு பாடம். என் காலத்தில் மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டு மதிப்பெண் போட்டார்கள். நாம் நன்றாக எழுதினாலும் மற்றவர்கள் இன்னும் நன்றாக எழுதினால் போச்சு. 2021 முதல் அது மாறிவிட்டது. இப்போது ஏ.எல். என்ற தரநிலைகள்: 90-க்கு மேல் ஏ.எல்.1, 85-க்கு மேல் ஏ.எல்.2 என்று தொடங்கி, 20-க்குக் கீழே ஏ.எல்.8 வரை படி படியாக இறங்கும். நான்கு பாடத்தின் எண்களையும் கூட்டினால் 4-லிருந்து 32-க்குள் ஒரு எண் வரும். குறைவாக இருந்தால் நல்லது. வரிசையிலே ஒரு குறை உண்டு: 65-லிருந்து 74 வரை ஒரே படி, ஆனால் மேலே ஐந்து ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு படி. அதனால் நன்றாகப் படிக்கிற பிள்ளைதான் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் அதிகம் பதறுகிறது.

தமிழ் வாய்மொழித் தேர்வை மட்டும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தேன், வீட்டில் மகனைப் பயிற்சி செய்ய வைத்தவன் நான்தான். ஒரு பத்தியை உரக்கப் படிக்க வேண்டும். அப்புறம் கணினித் திரையில் ஒரு சின்னக் காணொளி. பேருந்தில் ஒரு பையன் பெரியவருக்கு இடம் கொடுக்காமல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று வையுங்கள். “நீ அங்கே இருந்திருந்தால் என்ன செய்வாய்?” என்று தேர்வாளர் கேட்பார். என் மகன் முதல் நாள் பயிற்சியில் “எழுந்து நிற்பேன்” என்று ஒரு வரி சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். அவ்வளவுதான். அவனுக்குக் கருத்து இல்லாமல் இல்லை, ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் பத்து நிமிடம் பேசியிருப்பான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் தமிழிலேயே ஏதாவது சண்டை போட்டோம். பந்து விளையாட்டு, பக்கத்து வீட்டுப் பூனை, அவன் அம்மாவின் ரசம், எல்லாவற்றையும் பற்றி. தேர்வுக்காக ஆரம்பித்த பழக்கம், இன்னும் நிற்கவில்லை. இந்த அமைப்பு எங்கள் வீட்டுக்குச் செய்த நல்ல காரியங்களில் இது ஒன்று.

மகனுக்கு வந்தது 23. ஆங்கிலம், கணிதம், அறிவியல் மூன்றிலும் ஆறு, தமிழில் ஐந்து. என் காலமாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு முத்திரை குத்தி, அதற்கேற்ற வகுப்பில் நான்கு ஆண்டு உட்கார வைத்திருப்பார்கள். 2024-இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகளை எடுத்துவிட்டார்கள். அவன் அந்த முதல் தொகுதி. இப்போது ஒவ்வொரு பாடத்துக்கும் ஜி1, ஜி2, ஜி3 என்று தனித்தனி நிலை, ஜி3-தான் மேல்நிலை. தமிழில் ஐந்து வாங்கியதால் தமிழை ஜி3-இல் படிக்கிறான், மற்றதில் ஜி2. வகுப்பறையில் மூன்று விதப் பிள்ளைகளும் கலந்து உட்காருகிறார்கள். ஓவியம், இசை, உடற்கல்வி எல்லாம் ஒன்றாக. கணித நேரம் வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு வேறு வேறு அறைக்குப் போகிறார்கள். யார் எந்த அறைக்குப் போகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், பிள்ளைகள் என்ன குருடா? ஆனாலும் ஓய்வு நேரத்தில் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். என் வகுப்பில் இருந்த யாரும் விரைவுநிலைப் பையன் ஒருவனோடு சேர்ந்து சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. 2027-இல் இந்தத் தொகுதி எழுதப்போவது பழைய ஓ (O) நிலைத் தேர்வும் இல்லை, என் (N) நிலைத் தேர்வும் இல்லை, எல்லாருக்கும் பொதுவான ஒரே சான்றிதழ்த் தேர்வு. அது எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டுத்தான் முழு மதிப்பெண் போடுவேன்.

உயர்நிலைக்குப் பிறகு மூன்று வழி. தொடக்கக் கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்து ஏ நிலைத் தேர்வு எழுதுவது ஒன்று. அந்தப் பக்கம் எனக்குப் பழக்கமில்லை, அங்கே படித்த என் மாமா பையன் அந்த இரண்டு ஆண்டும் தூங்கவே இல்லை என்பான். இரண்டாவது, பலதுறைத் தொழிற்கல்லூரி, மொத்தம் ஐந்து, மூன்று ஆண்டுப் பட்டயம். மூன்றாவது ஐ.டி.இ.

ஐ.டி.இ.-க்கு என் மதிப்பீடு ஏ.எல்.1, யோசிக்காமல் தருவேன். நான் சேர்ந்தபோது அதன் ஆங்கில எழுத்துகளை விரித்து “இட்ஸ் தி எண்ட்” என்று கேலி பேசுவார்கள், சொந்தக்காரர்களே சொல்வார்கள். உள்ளே போனால் கதை வேறு. முதல் வாரமே கையில் கருவி. சுற்று எரிந்தால் ஏன் எரிந்தது என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும், அதுவரை ஆசிரியர் வாய் திறக்க மாட்டார். பத்து வயதிலிருந்து “இவனுக்கு மெதுவாகச் சொல்லுங்கள்” என்றே கேட்டு வளர்ந்த எனக்கு, “நீயே பார்” என்று ஒருவர் சொன்னது அங்கேதான். மதிப்பெண் வந்தது. அங்கிருந்து மேற்படிப்பு, பிறகு தேசிய சேவை என்ற கட்டாயப் படைச் சேவை, பிறகு தொழிற்கல்லூரி, வேலைக்குப் போய்க்கொண்டே பகுதிநேரப் பட்டம். விரைவுநிலையில் படித்த நண்பனைவிடப் பல ஆண்டு தாமதம். ஆனால் எந்த இடத்திலும் கதவு பூட்டியிருக்கவில்லை. இந்த ஊர்க் கல்வியில் காசுக்கும் கவலைக்கும் ஈடான பகுதி இந்தப் பின்வாசல்கள்தான். விளம்பரத்தில் வருவதோ முன்வாசல்.

பல்கலைக்கழகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரசு ஆதரவுடன் தன்னாட்சியாக இயங்குபவை ஆறு. தேசியப் பல்கலைக்கழகமும் நன்யாங்கும் எல்லாருக்கும் தெரிந்தவை. எங்களைப் போன்றவர்களுக்கு உதவுவது சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகமும், நான் பகுதிநேரமாகப் படித்த, இப்போது சமூக அறிவியல் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறிய இடமும். ஆண் பிள்ளைகள் இதற்கு முன்னால் ஏறக்குறைய இரண்டு ஆண்டு தேசிய சேவைக்குப் போக வேண்டும். நிரந்தரவாசியாகும் குடும்பத்துப் பையன்களுக்கும் இது உண்டு. திருச்சித் தம்பிக்கு மகன் இருப்பதால் இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ.

நாற்பது வயது தாண்டியவர்களுக்கு 2024-இல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசுத் திறன்வளர்ப்புத் திட்டத்தின் கணக்கில் 4,000 வெள்ளி போட்டார்கள். எல்லாப் படிப்புக்கும் செல்லாது, தேர்ந்தெடுத்த படிப்புகளுக்கு மட்டும். பட்டியலைத் தேடிப் பிடிப்பதற்கே தனிப் பயிற்சி வேண்டும், அவ்வளவு குழப்பம். ஆனாலும் பணம் வந்திருக்கிறது. மின்தூக்கிக் கட்டுப்பாட்டுக்கு உதவுகிற மாதிரி ஒன்று கண்ணில் பட்டது, பதிந்திருக்கிறேன்.