யூரிக் ஆசிட் மீட்டர்: ஆறு மாதம் வீட்டில் வைத்துப் பார்த்ததில்

எங்களுக்குக் களியக்காவிளை. பாறசாலையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த ராத்திரி அப்பாவுக்கு வலது கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கிவிட்டது, போர்வை நுனி பட்டால்கூட அலறினார். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டுத் தடவியதில் வலி கூடியதுதான் மிச்சம். மறுநாள் ரத்தம் பார்த்தால் யூரிக் ஆசிட் 6.1, கௌட் (ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடி மூட்டில் படிகமாகப் படிந்து வரும் வாதம்) எல்லாம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் அளவு இறங்கிக் காட்டலாம், அடங்கி இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள் என்று வேறொரு டாக்டர்தான் சொன்னார். பார்த்தோம், 8.7.

அப்புறம்தான் மார்த்தாண்டத்தில் ஒரு மெடிக்கலில் இந்த மீட்டரை வாங்கினேன். சுகர் மீட்டர் மாதிரியேதான், விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு. அதே நாளில் லேபிலும் கொடுத்து மூன்று தடவை ஒப்பிட்டேன், 0.3, 0.5 என்றுதான் வித்தியாசம் வந்தது. வீட்டுக்கு அது போதும்.

யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரையை 100 மி.கி.யில் தொடங்கி, கிட்னி டெஸ்ட் பார்த்து டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். இரண்டாம் மாதம் மறுபடி வலி. மூட்டில் படிந்த உப்புப் படிகம் கரையத் தொடங்கும்போது இப்படி வரும், மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தும் அப்பா நிறுத்தத்தான் பார்த்தார். 8.7 இருந்தது 7.4 ஆகி, அப்புறம் 6.5 ஆனதை அவர் கண்ணாலேயே பார்த்ததால்தான் விடாமல் போட்டார். இப்போது 5.6. 6க்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு, அதற்காகவே இந்த மீட்டர் எனக்குப் பிடித்திருக்கிறது.

பீரையும் ஈரலையும் அடியோடு விட்டாயிற்று. மரச்சீனிக் கிழங்குக்குச் சாளை (மத்தி) மீன் கறி இல்லையென்றால்தான் முகம் வாடிவிடும், "ரெண்டு துண்டு தின்னா என்ன மக்கா" என்பார். பத்தியத்தால் மட்டும் அளவு பெரிதாக இறங்காது, ஆனாலும் சாளையும் நெத்தோலியும் எங்கள் வீட்டில் இப்போது எப்போதாவதுதான்.

குறை என்றால் ஸ்ட்ரிப்தான். சுகர் ஸ்ட்ரிப்பைவிட விலை அதிகம். ஜூன் மழையில் டப்பா மூடியைச் சரியாக அடைக்காமல் விட்டதில் ஈரம் ஏறி ஐந்தாறு வீணாகிவிட்டது. கௌட்தானா என்று தெரியாதவர்கள் இதை வைத்து முடிவு செய்ய வேண்டாம், அதற்கு டாக்டர்தான். வாங்குகிறவர்கள் 10 ஸ்ட்ரிப் டப்பாவாகக் கேட்டு வாங்குங்கள், திறந்தால் மூன்று மாதம்தான் என்று என் டப்பாவில் போட்டிருந்ததைக் கவனிக்காமல் 25 வாங்கி, பாதிக்கு மேல் குப்பைக்குப் போனது.