கிளட்ச் பழக எது நல்லது: கிளட்ச் பெடல் மட்டுமா, ரேஸும் சேர்த்தா?

புதிதாக கார் பழகுகிறவருக்கு ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். எல்லாவற்றையும் சலித்துப் பார்த்தால் மிஞ்சுவது இரண்டு கட்சிதான். "ஆக்சிலேட்டர் பக்கமே போகாதே, கிளட்சை மட்டும் மெதுவா விடு, வண்டி தானா நகரும்" என்பது ஒன்று. "கொஞ்சம் ரேஸ் கொடுத்து வச்சுக்கிட்டு கிளட்சை விடு, இல்லேன்னா ஆஃப் ஆயிடும்" என்பது மற்றொன்று. இரண்டு முறையிலும் வண்டி நகரும். ஆனால் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று காலுக்குப் புரியவைப்பதில் இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. நான் முதல் கட்சி. இரண்டாவது கட்சி ஜெயிக்கும் இடமும் இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

முதலில் பெடலுக்கு அடியில் நடப்பதைப் பார்த்துவிடலாம். கிளட்சை முழுதாக மிதித்தால், அழுத்திப் பிடித்திருக்கும் பிரஷர் பிளேட்டின் பிடி தளர்ந்து, கிளட்ச் பிளேட் இன்ஜினோடு சுற்றும் ஃபிளைவீல் என்ற சக்கரத்திலிருந்து விடுபடுகிறது. இன்ஜின் தன்பாட்டுக்குச் சுற்றும், சக்கரத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. காலை எடுக்க ஆரம்பித்ததும் கொஞ்ச தூரம் ஒன்றுமே நடக்காது. அப்புறம் ஒரு விரற்கடை அளவுக்கு ஒரு பகுதி வரும். பிளேட் உரச ஆரம்பிப்பதும், இறுக்கிக் கவ்வுவதும் அதற்குள்ளேயே முடிந்துவிடும். அதற்கு மேல் பெடல் வருவது மறுபடியும் வெறும் பயணம்.

புதியவர்களில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒன்றும் நடக்காத அடிப்பகுதியில் அங்குலம் அங்குலமாகக் காலைத் தூக்குகிறார்கள். கெண்டைக்கால் நடுங்க ஆரம்பிக்கும். சரியாகப் பிடிக்கும் இடம் வரும்போது பொறுமை தீர்ந்து, காலைச் சட்டென்று எடுத்துவிடுகிறார்கள். வண்டி ஒரு குதி குதித்து நின்றுவிடும். அடிப்பகுதியை வேகமாகக் கடக்கலாம், தப்பே இல்லை. நிதானம் வேண்டியது அந்த விரற்கடைக்கு மட்டும்தான். அதனால் எந்த முறை நல்லது என்று கேட்டால், அந்த இடத்தைத் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும் முறைதான் என்பேன்.

ரேஸ் கொடுத்து விடும் பழக்கம் எங்கிருந்து வந்தது?

இதைச் சொல்லித்தரும் பெரியவர்கள் தெரியாமல் சொல்லவில்லை. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இல் இருந்தது 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின், அதில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர். ஐடிலில், அதாவது ரேஸ் இல்லாமல் சும்மா சுற்றும்போது, அந்த இன்ஜின் மேல் சுமை விழுந்தால், அதைத் தூக்கிப்பிடிக்க யாரும் இல்லை. காலையில் சூடேறாத இன்ஜின் என்றால் இன்னும் மோசம். டிரைவர் தன் வலது காலால்தான் கைகொடுக்க வேண்டும். அந்தக் காலத்து வண்டிகளில் பழகியவர்களுக்கு ரேஸ் கொடுக்காமல் கிளட்சை விடுவது என்பதே விபரீதமாகத் தெரிந்தது நியாயம்தான்.

2000-ஆம் ஆண்டை ஒட்டி, பெட்ரோலை அளந்து தெளிக்கும் எம்பிஎஃப்ஐ இன்ஜின்கள் பரவலாயின. இன்றைய வண்டிகளில் ஐடில் வேகத்தை ஒரு கணினி கவனித்துக்கொண்டிருக்கிறது. கிளட்ச் கவ்வி, இன்ஜின் வேகம் கொஞ்சம் சரிந்தாலே அது பெட்ரோலையும் காற்றையும் கூட்டிச் சமாளிக்கும். அதனால் சமதளத்தில் ஒரு சின்ன பெட்ரோல் காரைக்கூட வெறும் கிளட்சால் நகர்த்திவிட முடிகிறது. முதல் கியரில் கிளட்சை முழுதாக விட்ட பிறகு, ஆக்சிலேட்டரைத் தொடாமலே மணிக்கு 6, 7 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டே இருக்கும்.

வெறும் கிளட்ச் முறையில் நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். கால் மேலே வருகிறது. திடீரென்று இன்ஜின் சத்தம் கனக்கிறது. இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் ஆர்பிஎம் முள் கொஞ்சம் இறங்குகிறது. ஸ்டியரிங்கில் கைக்கு ஒரு மெல்லிய நடுக்கம் தெரிகிறது. இத்தனையும் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இதுதான் அந்த இடம். கொஞ்சம் அவசரப்பட்டால் வண்டி உடனே ஆஃப் ஆகி, இது தப்பு என்று அந்த நொடியிலேயே சொல்லிவிடும்.

ரேஸ் கொடுத்து விடும்போது இந்த அடையாளங்களில் பாதி காணாமல் போய்விடுகிறது. இன்ஜின் 2000 ஆர்பிஎம்மில் இரைந்துகொண்டிருந்தால் சத்தம் கனப்பது காதில் விழாது. கால் முன்பின்னாக வந்தாலும் வண்டி ஆஃப் ஆகாமல் சமாளித்துப் போய்விடும். பழகுகிறவருக்கு அது சந்தோஷம். ஆனால் பிடிக்கும் இடம் எது என்று கால் கற்றுக்கொள்ளாமலே நாட்கள் ஓடிவிடும். இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் பழக்க வேண்டியிருப்பதால், வண்டி குலுங்கினால் எந்தக் காலின் தப்பு என்றும் தெரியாது.

பிளேட்டுக்கு ஆகும் செலவு தனி. வண்டி நகரத் தொடங்கும்போது பிளேட் உரசி உண்டாகும் சூடு, இன்ஜின் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 1000 ஆர்பிஎம்மில் வைத்து கிளட்சை விடுவதோடு ஒப்பிட்டால், 2000-இல் வைத்து விடும்போது ஏறத்தாழ நாலு மடங்கு சூடு. ஒரு தடவைக்கு இது பெரிதில்லை. மைதானத்தில் திரும்பத் திரும்பக் கிளப்பிப் பழகும் நாளில், தீய்ந்த வாடை வருவது பெரும்பாலும் ரேஸ் கட்சிக்காரர் வண்டியிலிருந்துதான்.

பெட்ரோலில் பழகுவதா, டீசலிலா?

ஒரே பெயர், இரண்டு குணம் என்பதற்கு பழைய ஸ்விஃப்ட் நல்ல உதாரணம். 1.2 லிட்டர் பெட்ரோலில் உச்ச டார்க் (சுழற்றும் விசை) 113 நியூட்டன் மீட்டர், அதுவும் 4000 ஆர்பிஎம்முக்கு மேல் போனால்தான். 1.3 லிட்டர் டீசலில் 190, அது 2000 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தபோது மாருதி டீசலை நிறுத்திவிட்டது. ஆனாலும் செகண்ட் ஹேண்டில் அந்த வண்டிகள் இன்றும் கைமாறிக்கொண்டிருப்பதால், பலர் வீட்டில் பழகக் கிடைப்பது அதுதான்.

டீசலில் வெறும் கிளட்ச் முறை ரொம்பச் சுலபம். கால் தடுமாறினாலும் இழுத்துக்கொண்டு போய்விடும். அந்தச் சுலபமே குறையும்கூட. டீசலில் மட்டும் பழகியவர் சின்ன பெட்ரோல் வண்டியில் ஏறினால், சிக்னலுக்குச் சிக்னல் ஆஃப் செய்வார். இன்னொன்று, டீசலில் அதிக டார்க்கைத் தாங்க பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் வலுவாக இருக்க வேண்டும் என்பதால், பெடலும் பெரும்பாலும் கனமாக இருக்கும். கனமான பெடலில் நுணுக்கமாகக் காலை நிறுத்துவது கஷ்டம். கால் சீக்கிரம் சோர்ந்தும் போகும்.

டீசலில் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ வேலை செய்யாத குறைந்த ஆர்பிஎம்மில், ஸ்பீட் பிரேக்கரை இரண்டாவது கியரில் ஏறி இறங்கும்போது வண்டி சோர்ந்து, சில சமயம் நின்றே போகும். முதல் கியரில் அவ்வளவு தாராளமாக இருந்த வண்டியா இது என்று தோன்றும். அங்கே கியரைக் குறைப்பதுதான் வழி.

பழகுவதற்கு என் தேர்வு சின்ன பெட்ரோல் கார். அது தப்பை மன்னிக்காது, அதனால்தான்.

கேபிள் கிளட்ச், ஹைட்ராலிக் கிளட்ச்

வண்டிக்கு வண்டி கிளட்ச் வேறு மாதிரி இருப்பதற்குப் பாதிக் காரணம் இதில் இருக்கிறது. கேபிள் கிளட்சில் பெடலுக்கும், பிளேட்டை விடுவிக்கும் நெம்புகோலான கிளட்ச் ஃபோர்க்குக்கும் நடுவே ஒரு கம்பி வடம் மட்டும்தான். பிளேட் உரசுவதன் அதிர்வு கொஞ்சம் காலுக்கே வந்து சேரும். பிடிக்கும் இடத்தைக் கற்றுக்கொள்ள இது நல்லது. ஆனால் அந்த இடம் நிலையாக இருக்காது. பிளேட் தேயத் தேயப் பிடிக்கும் இடம் மேலே ஏறிக்கொண்டே போகும். கேபிள் நீண்டுவிட்டாலோ கீழே இறங்கும், கியர் சரியாக விழாமல் கரகரக்கும். மெக்கானிக் நட்டைத் திருகி ஃப்ரீ பிளேயை (பெடலின் வெற்று அசைவை) சரிசெய்து கொடுத்தால், வண்டியை எடுத்ததும் நம் வண்டியே நமக்குப் புதிதாகத் தெரியும்.

ஹைட்ராலிக்கில் மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர், நடுவே திரவம். பெடல் மெத்தென்று இருக்கும், அதிர்வு அவ்வளவாக வராது. தேய்மானத்தை அதுவே ஈடுகட்டிக்கொள்வதால், பிடிக்கும் இடம் வருடக்கணக்கில் ஏறத்தாழ அப்படியே இருக்கும். ஒருமுறை பழகிவிட்டால் போதும். அந்த மெத்தென்ற தன்மை திடீரென்று கூடினால் மட்டும் சந்தேகப்பட வேண்டும். குழாயில் காற்று புகுந்திருக்கலாம், எங்காவது கசியலாம். பல வண்டிகளில் பிரேக் ஆயிலும் கிளட்ச் ஆயிலும் ஒரே டப்பாவிலிருந்துதான் போகின்றன. அதனால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

பழகுகிறவருக்குக் கேபிள், பழகிய பிறகு தினமும் ஓட்டுகிறவருக்கு ஹைட்ராலிக் என்பேன்.

டிரைவிங் ஸ்கூல் வண்டியா, சொந்த வண்டியா?

பயிற்சி வண்டியில் சொல்லித்தருகிறவரின் பக்கமும் பெடல்கள் இருக்கும். விதியே அப்படித்தான், பாதுகாப்புக்கு அது தேவையும்கூட. சாலையில் முதன்முதலாக இறங்கும்போது அந்த இரண்டாவது பிரேக்கை நம்பித்தான் நாம் ஓட்டுகிறோம். சிக்கல் இரண்டாவது கிளட்சில். நெரிசலில் வண்டி ஆஃப் ஆகக் கூடாதே என்று அவர் தன் கிளட்சை மிதித்து மிதித்து விடுவார். நம் காலுக்குக் கீழே பெடல் தானாக இறங்கி ஏறுவது தெரியும். வண்டி அழகாக நகரும், நாம்தான் நகர்த்தினோம் என்று நினைத்துக்கொள்வோம். லைசென்ஸ் கையில் இருந்தும் வீட்டு வண்டியைத் தெருமுனை தாண்டி எடுக்கத் தயங்குகிற பலரின் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது. சாலை விதி, திருப்பம், பார்க்கிங் எல்லாம் அங்கே கற்றுக்கொள்ளுங்கள். கிளட்சுக்காக மட்டும், காலியான இடத்தில் கொஞ்ச நேரம் "உங்க காலை எடுத்துடுங்க அண்ணா, ஆஃப் ஆனாலும் பரவாயில்லை" என்று கேளுங்கள். நல்ல பயிற்சியாளர் சரி என்பார்.

காலில் என்ன போட்டிருக்கிறோம் என்பதும் இங்கே முக்கியம். மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூ சிறந்தது. வெறுங்காலில் உணர்வு நன்றாகத் தெரியும், ஆனால் கனமான பெடலில் பாதம் வலிக்கும். ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம், கழன்று பெடலுக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும். சீட்டை, கிளட்சைத் தரை வரை மிதித்த பிறகும் முழங்கால் லேசாக மடிந்திருக்கும்படி வைக்க வேண்டும். எட்டி எட்டி மிதிக்கும் காலுக்கு நுணுக்கம் வராது.

ஏற்றத்தில் எது ஜெயிக்கும்?

இங்கேதான் ரேஸ் கட்சிக்கு வெற்றி. சென்னை கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது மாலை நெரிசலில் நின்றுவிட்டால், பின்னால் ஒரு பைக் ஒட்டி நிற்கும். வெறும் கிளட்சை நம்பினால் பெட்ரோல் வண்டி ஆஃப் ஆகும் அல்லது பின்னால் உருளும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக்கொண்டு, கிளட்சைப் பிடிக்கும் இடம் வரை கொண்டுவந்து, வண்டியின் முன்பக்கம் லேசாக எழும்புவது தெரிந்ததும் கொஞ்சம் ரேஸ் கொடுத்து, அப்புறம் ஹேண்ட் பிரேக்கை இறக்க வேண்டும். இதில் எதையும் அவசரப்பட்டுச் செய்ய வேண்டியதில்லை. பிடிக்கும் இடத்தைச் சமதளத்தில் கற்றவருக்கு இது உடனே வரும். கற்காதவர் எவ்வளவு ரேஸ் கொடுத்தாலும் குலுக்கிக்கொண்டுதான் கிளம்புவார்.

பிரேக்கே போடாமல் ஹாஃப் கிளட்சிலேயே, அதாவது கிளட்சைப் பாதி விட்டபடியே, வண்டியை ஏற்றத்தில் நிறுத்தி வைப்பது பார்க்கக் கெட்டிக்காரத்தனமாக இருக்கும். அந்த நேரம் முழுக்க பிளேட் உரசிக்கொண்டே இருக்கிறது. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. பஸ்ஸுக்கு வழிவிட்டு வழிவிட்டு நிற்கும் அந்தப் பாதைகளில் இப்படி ஓட்டினால், மலை உச்சிக்குப் போகும் முன்னே வாடை வந்துவிடும். ஹில் ஹோல்டு உள்ள வண்டிகள் பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகு சுமார் இரண்டு நொடி வண்டியைப் பிடித்துக்கொள்கின்றன. நல்ல வசதிதான். ஆனால் அந்த இரண்டு நொடிக்குள் கால் தன் இடத்தைக் கண்டுபிடித்தாக வேண்டுமே!

கிளட்சே வேண்டாம் என்பவர்களுக்கு 2014-இல் மாருதி செலேரியோவோடு வந்த, கிளட்சையும் கியரையும் தானே பார்த்துக்கொள்ளும் ஏஎம்டி இருக்கிறது. கியரைக் கையால் போட்டுக்கொண்டு கிளட்ச் பெடல் மட்டும் இல்லாத ஐஎம்டி, 2020-இல் ஹூண்டாய் வென்யூவில் வந்தது. தினமும் நெரிசலில் முழங்கால் வலியோடு ஓட்டுகிறவர் தயங்காமல் அந்தப் பக்கம் போகலாம்.

மேனுவலிலேயே இருப்பவர்களுக்கு, நண்பர் வண்டியோ வாடகை வண்டியோ கைக்கு வரும் நாளில் கிளம்புவதற்கு முன் செய்ய ஒரு வேலை உண்டு. சமதளத்தில் முதல் கியரில் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல், சத்தம் கனக்கும் வரை கிளட்சை விட்டு, வண்டி நகரத் துடிக்கும்போது மறுபடி மிதியுங்கள். கால் தேடாமலே அந்த இடத்துக்குப் போகும் வரை இதைச் செய்தால் போதும். ரிவர்ஸிலும் ஒருமுறை செய்து பாருங்கள். பிடிக்கும் இடம் அதேதான், ஆனால் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருக்கும்போது இடது கால் அதை மறந்துவிடும்.