கண்ணாடியா, மண்சுவரா, எஃகுப் பெட்டியா? பாலைவனத்தில் ஒரு சின்ன வீடு

அமெரிக்கத் தென்மேற்கில் நிலத்தோடு இயைந்த சிறிய நவீன வீடு என்றால் மூன்று வழிகள் போட்டி போடுகின்றன. மூன்றுக்கும் முன்னோடி வீடுகள் உண்டு.

முதலாவது கண்ணாடி. கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் ஃப்ரே தனக்காகக் கட்டி 1964-இல் முடித்த வீட்டின் பரப்பு ஏறக்குறைய 800 சதுர அடிதான். மலைச்சரிவில் கிடந்த பெரும்பாறையை உடைக்காமல், வீட்டுக்குள்ளேயே இருக்க விட்டார். கூடத்தையும் படுக்கும் இடத்தையும் பிரிப்பது அந்தப் பாறைதான்; விளக்கு சுவிட்சையும் அதிலேயே பதித்தார். திரைச்சீலைக்கு, சரிவில் பூக்கும் காட்டுப்பூவின் மஞ்சள். இப்படி ஓர் இடத்தைத் தேடவே ஐந்தாண்டுகள். பிறகு ஓராண்டு, கம்பம் நட்டு வெயிலின் போக்கை அளந்தார். அந்தப் பொறுமையை விட்டுவிட்டுக் கண்ணாடியை மட்டும் நகலெடுப்பவர்கள்மேல் எனக்குக் கோபமே வருகிறது. ஜூலையில் பகல் 42 டிகிரியை எட்டும் ஊர் அது. நிழல் கணக்குத் தப்பினால் நாள் முழுக்கத் திரையை மூடி ஏசிக்குள் கிடக்க வேண்டியதுதான். அப்புறம் நிலம் எங்கே தெரியும்?

இரண்டாவது, இடித்து இறுக்கிய மண்சுவர். அரிசோனாவின் டூசானில் கட்டடக் கலைஞர் ரிக் ஜாய் இதை நவீன வீடுகளில் பயன்படுத்திப் பெயர் பெற்றார். தடித்த சுவர் பகல் வெப்பத்தை வாங்கி மெதுவாக உள்ளே விடும்; இரவுக் குளிரில் மீண்டும் ஆறும். ஆனால் ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலத்தில் இரவே 24 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது. சுவர் ஆற நேரமில்லை. மண் மலிவு, கூலி மலிவில்லை. சின்ன வீட்டுக்கு இன்னொரு பெரிய இடியும் உண்டு. வெளி அளவு 20-க்கு 30 அடி, அதாவது 600 சதுர அடி என்று வையுங்கள். நான்கு பக்கமும் 2 அடிச் சுவர் எழுப்பினால் உள்ளே மிஞ்சுவது 416. அரையடிச் சுவர் என்றால் 551.

மூன்றாவது, அதே ரிக் ஜாய் டூசானில் கட்டிய டெசர்ட் நோமாட் வீடு. தரையிலிருந்து தூக்கி நிறுத்திய, துருவேறிய எஃகுப் பெட்டிகள். வறண்ட காற்றில் அந்தத் துரு மேற்பூச்சாகவே நிற்கும், பெயின்ட் வேண்டாம். பெட்டிக்கு அடியில் மழைநீர் தன் வழியில் ஓடும், சவாரோ கள்ளிகளின் வேர்களுக்குத் தொந்தரவு குறையும். மெல்லிய எஃகு சூட்டைத் தடுக்காது. உள்ளே நல்ல காப்புப் பொருள் வைத்தே ஆக வேண்டும்.

600 சதுர அடிக்குள் கட்டுவதென்றால் என் தேர்வு கலப்புதான். சாய்ந்து வரும் மாலை வெயிலைத் தாழ்வாரம் மறைக்காது. ஆகவே மேற்கில் மட்டும், நடுவே காப்புப் பலகை வைத்த மண்சுவர். மற்ற பக்கங்கள் இலகுவான எஃகுச் சட்டகம். பெரிய கண்ணாடி வடக்கே ஒன்று போதும். அது எந்தக் கள்ளியைப் பார்க்க வேண்டும் என்பதை, ஃப்ரே செய்ததுபோலக் கம்பம் நட்டு, ஒரு கோடையையும் ஒரு குளிர்காலத்தையும் அந்த நிலத்தில் கழித்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.