தர்பூசணியா, முள்ளங்கியா: மேசை அலங்காரத்துக்கு எதில் கத்தி வைக்கலாம்?

விருந்து மேசையின் நடுவில் செதுக்கிய அலங்காரம் ஒன்று வேண்டும் என்றதும் பலருக்கும் கை போவது தர்பூசணிக்குத்தான். பெரிய உருவம், ஒரே பழத்தில் முடிகிற வேலை, பச்சை, வெள்ளை, சிவப்பு என மூன்று நிறமும் கூடவே வருகிறது. எதிரணியில் முள்ளங்கி, கேரட், பீட்ரூட், டர்னிப். ஒவ்வொன்றாகப் பார்த்தால் உள்ளங்கைக்குள் அடங்கும் பூ. பதினைந்து, இருபது சேர்ந்தால்தான் காட்சியாகும். இருந்தும் என் ஓட்டு முள்ளங்கி அணிக்கே. அழகுக்காக அல்ல, பராமரிப்புக்காக.

அழகைப் பற்றி நீட்டி முழக்க வேண்டாம். முதல் பார்வையில் தர்பூசணிதான் ஜெயிக்கும். தாய்லாந்தின் செதுக்கல் மரபு பழத்தின் மேற்பரப்பு முழுவதும் பூவும் இலையுமாகப் படரவிடுவது. தர்பூசணி அதற்கென்றே செய்தது போல இருக்கும். ஜப்பானின் முகிமோனோ மரபு தட்டின் ஓரத்தில் வைக்கும் சின்னச் சின்ன உருவங்களுக்குப் பேர் போனது. அங்கே கேரட்டும் முள்ளங்கியும்தான் ராஜா. கருவியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. 5 செ.மீ. அளவில் மெல்லிய, கூர்முனை உள்ள செதுக்குக் கத்தி இரண்டுக்கும் போதும்; பேனா பிடிப்பது போலப் பிடிக்க வேண்டும். முள்ளங்கி, கேரட்டுக்குக் கூடுதலாக ஒரு சிறிய காய்கறிக் கத்தி இருந்தால் வசதி. எதுவானாலும் முனை மழுங்கியிருக்கக் கூடாது. மழுங்கிய கத்தி இதழை வெட்டாது, நசுக்கும். நசுங்கிய விளிம்புதான் முதலில் வாடும்.

முதலில் தர்பூசணி. 4 முதல் 5 கிலோ எடையில், உருண்டையாக, தோலில் வெடிப்பில்லாத பழம் வேண்டும். மிகவும் பழுத்ததை எடுத்தால் முதல் வெட்டிலேயே கீறல் தானாக ஓடிப் பழம் பிளக்கலாம். ஓடும் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் கத்தி வைக்க வேண்டும், இல்லையென்றால் தோலில் உள்ள அழுக்கைக் கத்தியே உள்ளே கொண்டுபோகும். ஆடாமல் நிற்க அடிப்பாகத்தில் அரை செ.மீ. மட்டும் சீவுங்கள்; சிவப்பு தெரிந்துவிட்டால் அங்கிருந்தே சாறு கசியத் தொடங்கும். பூ வரும் இடத்தில் பச்சைத் தோலை பீலரால் மெல்லிசாக எடுத்துவிட்டு, 4 செ.மீ. அகல மூடியை அழுத்தி நடு வட்டம் போடுங்கள். அந்தக் கோட்டில் கத்தியை நேராக 2 செ.மீ. இறக்கி, வெளிப்பக்கத்தைச் சாய்வாகச் சீவினால் நடு மொட்டு தனித்து எழும். அதைச் சுற்றி, கத்தியை 45 டிகிரி சாய்த்து வளைவாக இதழ் வெட்டி, அந்த இதழுக்குப் பின்னால் உள்ள சதையை ஆப்பு வடிவில் எடுத்துவிட வேண்டும். அடுத்த வரிசை இதழ் முந்தைய இரண்டு இதழ்களின் இடைவெளியில் விழும். முழுப் பழத்துக்கும் இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்றுதான். பின்சதையை எடுக்கும்போது கத்தி முனை கொஞ்சம் ஆழமாகப் போய் முன்னிருக்கும் இதழின் வேரை அறுத்துவிடும். அந்த நேரம் தெரியாது. ஒரு மணி நேரம் கழித்து இதழ் மெல்லச் சரியும். பல்குச்சி குத்தி நிறுத்தலாம்; ஆனால் சாப்பிடப் போகிற பழத்தில் ஒளிந்திருக்கும் பல்குச்சி ஆபத்து.

இனி முக்கியமான விஷயம். தண்ணீர் அளவை மட்டும் பார்த்தால் முள்ளங்கிதான் முன்னால் நிற்கிறது: அதில் சுமார் 95 சதவீதம், தர்பூசணியில் 92, கேரட்டில் 88. அப்படியென்றால் முள்ளங்கிதானே முதலில் வாட வேண்டும்? மேசையில் நடப்பது நேர்மாறு. தர்பூசணியின் சிவப்புச் சதையில் செல்கள் பெரியவை, சுவர்கள் மெல்லியவை. கத்தி பட்ட இடமெல்லாம் உடைந்து இனிப்புச் சாறு வெளியே வரும். தட்டில் தேங்கும், விரிப்பை நனைக்கும், எறும்பைக் கூப்பிடும். போன சாறு திரும்ப வராது. வாடிய தர்பூசணியைத் தண்ணீரில் ஊற வைத்தாலும் பயனில்லை. சதையின் சர்க்கரை தண்ணீரில் இறங்கி, விளிம்புகள் பஞ்சு போல ஆகிவிடும். வேலைக்கு நடுவே ஈரத்துணி போர்த்துவது, முடிந்ததும் பிளாஸ்டிக் உறையால் சுற்றி ஃபிரிட்ஜில் வைப்பது, இவ்வளவுதான் கையில் உள்ள வைத்தியம்.

முள்ளங்கியின் சதை நெருக்கமாக அடுக்கிய செல்களால் ஆனது. வாடினாலும் செல் பெரும்பாலும் உடைவதில்லை, தண்ணீரை இழந்து தளர்கிறது, அவ்வளவுதான். ஐஸ் தண்ணீரில் போட்டால் நீரைத் திரும்ப உறிஞ்சி விறைத்து நிற்கும். மேசையில் நான்கு மணி நேரம் இருந்து சோர்ந்த பூவை எடுத்து 20 நிமிடம் ஐஸ் தண்ணீரில் போட்டு மறுபடி வைக்கலாம். தர்பூசணியில் இது நடக்காது. முன்கூட்டியே செய்து வைக்கும் வசதியும் இதனால்தான் வருகிறது: மூடிய டப்பாவில், பூக்கள் மூழ்கும் அளவு தண்ணீரில், தினமும் தண்ணீரை மாற்றினால் முள்ளங்கிப் பூ ஃபிரிட்ஜில் மூன்று, நான்கு நாள் தாங்கும், கேரட் அதைவிடக் கூடுதலாக. தண்ணீர் மாற்ற மறந்தால் முதலில் வருவது வழவழப்பு, பிறகு வாடை. மணிக்கணக்கு எல்லாம் அறையின் சூட்டையும் காற்றையும் பொறுத்து மாறும். நேராக மின்விசிறியின் கீழ் வைத்த எதுவும் பாதி நேரம்கூட நிற்காது.

சாப்பிடும் விஷயத்தையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தர்பூசணி புளிப்புக் குறைந்த பழம்; வெட்டியபின் கிருமி பெருக நல்ல இடம். வெட்டிய பழத்தை 5 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும், வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருந்ததைச் சாப்பிடக் கூடாது என்பது பொதுவான உணவுப் பாதுகாப்பு விதி. மூன்று மணி நேரம் செதுக்கி, மூன்று மணி நேரம் மேசையில் வைத்த பழத்தைக் கடைசியில் துண்டு போட்டுப் பரிமாறுவது எந்தக் கணக்கிலும் சேராது. ஆக, அது காட்சிக்கு, அல்லது உணவுக்கு. இரண்டுக்கும் சேர்த்து அல்ல.

முள்ளங்கிப் பூ செய்யும் முறை இது. 5 செ.மீ. விட்டமுள்ள தடித்த வெள்ளை முள்ளங்கியில் 6 செ.மீ. துண்டு நறுக்கித் தோல் சீவுங்கள். ஒரு முனையைப் பாதி எலுமிச்சை போல உருட்டிச் சீவுங்கள். அது பூவின் அடி. அந்தச் சரிவில் சுற்றிலும் ஐந்து தட்டையான முகங்கள் எடுங்கள். ஒவ்வொரு முகத்திலும் மேலிருந்து கீழாக ஒன்றரை மி.மீ. தடிமனில் இதழ் இறக்கி, அடி வருவதற்கு அரை செ.மீ. முன்பே கத்தியை நிறுத்துங்கள். ஐந்தும் முடிந்ததும் இதழ்களுக்குப் பின்னால் உள்ள சதையைச் சுற்றிவர ஒரு வளையமாகச் சீவி எடுங்கள். பலரும் தாண்டிப் போகிற படி இது. வளையம் எடுக்காவிட்டால் இதழ் விரிய இடமிருக்காது, பூ முட்டைக்கோஸ் போலத்தான் இருக்கும். இரண்டாம் வரிசை இதழ்கள் முதல் வரிசையின் இடைவெளிகளில். நான்கு வரிசை போனால் நடுவில் மொட்டு மிஞ்சும், முனையைக் கூராக்கிவிடுங்கள். 20 முதல் 30 நிமிடம் ஐஸ் தண்ணீரில் போட்டால் இதழ் தானாக விரியும். விரியவில்லையா? இதழ் தடித்துவிட்டது என்று அர்த்தம். வெட்டும்போதே ஒடிகிறதா? முள்ளங்கி முற்றி நடுவே நார் ஓடியிருக்கும், இல்லையென்றால் கத்தி அடிவரை இறங்கியிருக்கும். ஒரு பூ உடைந்தால் பத்து நிமிடம் நஷ்டம். தர்பூசணி பிளந்தால் மொத்த மாலையும் போச்சு.

கேரட் கொஞ்சம் பிடிவாதக்காரன். சுருட்டிப் பூ செய்ய, பீலரால் நீளமான நாடாக்களாகச் சீவி, 250 மி.லி. தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் உப்பு போட்டு 10 முதல் 15 நிமிடம் வைத்தால் ஒடியாமல் வளையும். சுருட்டிக் குச்சி குத்திய பிறகு நல்ல தண்ணீரில் அலசி ஐஸ் தண்ணீரில் போட்டால் மறுபடி விறைக்கும். உப்பில் அதிக நேரம் விட்டால் நாடா துவண்டு துணியாகிவிடும்.

இந்த அணியின் உண்மையான தலைவலி பீட்ரூட். அதன் சாயம் தண்ணீரில் கரைவது. பக்கத்தில் எது இருந்தாலும் சிவக்கும். வெள்ளை முள்ளங்கியோடு ஒரே டப்பாவில் போட்டால் காலையில் எல்லாமே ரோஸ். வேண்டுமென்றே அப்படிச் செய்யலாம், அது வேறு: செதுக்கிய முள்ளங்கியைப் பீட்ரூட் சாற்றில் நுனி மட்டும் ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் இதழ் ஓரத்தில் இளஞ்சிவப்பு படரும். பீட்ரூட் பூவைத் தனி டப்பாவில் வைத்து, மேசைக்கு வரும் முன் மூன்று முறை அலசி, துணியில் ஒற்றி, கீழே ஓர் இலை வைத்துத்தான் உட்கார வைக்க வேண்டும்.

நேரக் கணக்கில் முள்ளங்கி அணி தோற்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழகிய கைக்கே ஒரு பூவுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம்; இருபது பூவுக்கு நான்கைந்து மணி நேரம் ஓடிவிடும். ஆனால் அதை இரண்டு, மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளலாம். தர்பூசணியின் மூன்று மணி நேரம் விருந்து நாளிலேயே, மற்ற எல்லா வேலைக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆப்பிள் அன்னம், வாழைப்பழ டால்பின் போன்றவற்றைப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. வெட்டிய சில நிமிடங்களில் பழுப்பேறும். ஒரு கப் தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு கலந்து முக்கினால் ஆப்பிளுக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கும், அவ்வளவே. பப்பாளி நன்றாகச் செதுக்க வரும், அரைப்பழமாக இருந்தால். காயாக இருந்தால் பால் வடியும், சிலருக்குக் கை அரிக்கும்.

பூக்களை அடுக்க, நடுவில் வெட்டாத மஞ்சள் பூசணி ஒன்றை வைப்பது நல்ல வழி. மூங்கில் குச்சியை 8 செ.மீ. அளவில் நறுக்கி, பூவின் அடியில் 2 செ.மீ. ஏற்றி, மறுமுனையைப் பூசணியில் குத்த வேண்டும். தோல் கடினம் என்பதால் முதலில் கத்தி முனையால் துளை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் குச்சி ஒடிந்து கையில் ஏறும். பெரிய பூக்கள் கீழே, சின்னவை மேலே, இடைவெளியில் வெள்ளரித் தோலில் வெட்டிய இலைகள். எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் மறையாதபடி உயரம் 30 செ.மீ.க்குள் இருக்கட்டும். அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்தால் போதும்.

தர்பூசணிக்கும் ஒரு நல்ல இடம் உண்டு: பரிமாறும் பாத்திரமாக. மேல் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, விளிம்பை மட்டும் இரண்டு செ.மீ. உயரத்தில் அலை அலையாகச் செதுக்கி, உள்ளே குடைந்து எடுத்த பழ உருண்டைகளைத் தனியே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். கூட்டையும் உறை சுற்றி உள்ளே தள்ளிவிட்டு, இனிப்பு பரிமாறும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பு எடுத்து, தேங்கிய சாற்றைக் கொட்டி, உருண்டைகளை நிரப்பி மேசைக்குக் கொண்டு வாருங்கள்.